உம்மா தூங்க எந்த பெர்த் நல்லது?

கீழக்கரை மக்களே, எழும்பூருக்கு அடிக்கடி ரயிலில் போய்வருகிறவர்கள் ஒரு யோசனை சொல்லுங்கள். உம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப்போகிறேன். ராமநாதபுரத்தில் ராத்திரி வண்டி ஏறுகிறோம். கதவு டபாரென்று அடித்தாலே அவருக்குத் தூக்கம் போச்சு.

இரண்டாம் வகுப்பு ஏசியில் வெறும் திரைதான். பக்கத்து பெர்த் போன் பேச்சு முழுக்கக் காதில் விழும். முதல் வகுப்பு ஏசியில் இழுத்துச் சாத்தும் கதவு உண்டு, ஆனால் இருவர் கூப்பேயா, நால்வர் கேபினா என்பது சார்ட் போடும்போதுதான் தெரியும். முன்பின் தெரியாத ஆண்கள் கூட இருந்தால் உம்மா முக்காட்டை விலக்காமல் விடிய விடிய உட்கார்ந்தே வருவார்.

கூப்பே கேட்டு வாங்க வழி உண்டா? யாரிடம் கேட்பது? இல்லையென்றால் இரண்டாம் வகுப்பிலேயே, கழிவறைக் கதவுக்குத் தள்ளி, பெட்டியின் நடுவில் கீழ் பெர்த் போட்டுவிடலாமா? காதில் பஞ்சு வைக்கும் யோசனை வேண்டாம், அதை மாமா சொல்லியாச்சு.