பழைய உளியில் துரு: விலாசம் அழியாமல் எடுக்க வழி உண்டா?

பள்ளத்தூரான்:
வீட்டில் இரண்டாங்கட்டு அறையைக் காலி செய்தபோது ஒரு தேக்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே ஐயா காலத்துத் தச்சுச் சாமான்கள்: இழைப்புளி, சில உளிகள், கொறடு, கைரம்பம். ஓடு ஒழுகி எல்லாம் துருவேறிக் கிடக்கிறது. உளிகளின் கழுத்தில் எங்கள் வீட்டு விலாசம், அதாவது குடும்பப் பெயர்களின் முதலெழுத்துகள், பொறித்திருக்கிறது. விரலால் தடவினால்தான் தெரிகிறது. அந்த எழுத்து எனக்கு முக்கியம். ஒருவர் பாத்ரூம் ஆசிட் என்கிறார், இன்னொருவர் உப்புத்தாள் போடு என்கிறார். எதைச் செய்யலாம்?

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, அரிவாள்மனைக்கு நாங்கள் புளிதான் போடுவோம். ராத்திரி கெட்டியாக அப்பிவைத்து, காலையில் தேங்காய் நாரால் தேய்த்தால் மேல்துரு போய்விடும். ஆழத் துருவுக்கு அது பத்தாது.

உளிப்பட்டறை:
தம்பி, அந்த இரண்டுமே வேண்டாம். உப்புத்தாள் துருவோடு எழுத்தின் விளிம்பையும் தின்றுவிடும். பாத்ரூம் ஆசிட் நல்ல இரும்பையும் அரிக்கும். அதன் ஆவி பட்டு அதே அறையில் இருக்கும் மற்ற சாமான்களும் துருப்பிடிக்கும்.

மளிகைக்கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும், அதுதான் சிட்ரிக் அமிலம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் வாளியில். கைப்பிடியைக் கழற்றிவிடுங்கள், வரவில்லையென்றால் இரும்பு மட்டும் நனையும்படி நிறுத்திவையுங்கள், மரம் ஊறக்கூடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். துரு கறுப்புச் சேறாக வரும். எழுத்துக் குழியில் இருப்பதை மூங்கில் குச்சியால் நோண்டினால் போதும், ஆணி வேண்டாம். துரு விட்டதும் எடுத்துவிட வேண்டும், ஊறப்போட்டு மறந்தால் இரும்பையே அரிக்கும்.

எடுத்ததும் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் காயவைத்து, சூடு இருக்கும்போதே தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். இதில் சுணங்கினால் கண்ணெதிரே மறுபடி செம்மை பூக்கும். தேங்காயெண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுக்கும்.

இழைப்புளித் தகட்டை ஊறவைத்து எடுத்ததும் வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்பைப் பாருங்கள். பழைய தகடாக இருந்தால் குறுக்கே ஒரு கோடு தெரியலாம். மெல்லிரும்பில் எஃகைச் சேர்த்து அடித்த இடம் அது. வெட்டுவது அந்த எஃகுதான். தகட்டின் தட்டைப் பக்கத்தில், வாயை ஒட்டித் துருக்குழி இருந்தால் சாணைக்கல்லில் வைத்துச் சமப்படுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் இழைப்பில் வரி விழும். மேலே இருக்கும் குழிகளை விட்டுவிடுங்கள், வேலைக்கு இடைஞ்சல் இல்லை. மோட்டார் சாணையில் கொடுக்காதீர்கள். சூட்டில் வாய் நீலம் பாய்ந்தால் எஃகின் பதம் போச்சு.

பாலிடெக்னிக் மாணவன்:
கைரம்பத்துக்கு மின்முறையும் உண்டு. சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவை ரம்பத்திலும் பாசிட்டிவை வெறும் இரும்புத் துண்டிலும் கொடுக்க வேண்டும், இரண்டும் தொடக்கூடாது. எவர்சில்வர் துண்டு கூடவே கூடாது, அதிலிருந்து நச்சுக் குரோமியம் வரும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அதனால் திறந்த வளவில் (முற்றத்தில்) வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது.

உளிப்பட்டறை:
சரியாகச் சொன்னீர்கள். துரு மட்டும்தான் விடும், இரும்பு குறையாது. விலாசம் உள்ள உளிக்கும் இதைச் செய்யலாம்.

பள்ளத்தூரான்:
ரொம்ப நன்றி அண்ணே. பெட்டியின் கீலும் நாதாங்கியும் மரத்தோடு அறைந்திருக்கிறது, கழற்ற முடியாது. அதற்கு?

உளிப்பட்டறை:
அதை ஊறவைக்க வழியில்லை. உதிரும் துருவை மட்டும் பித்தளை பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். நம்ம ஊர்ச் சுண்ணாம்புப் பூச்சுக்குப் போடுகிற கடுக்காயை இடித்து, கொதிக்கவைத்து வடிகட்டி, சின்னத் தூரிகையால் இரும்பில் மட்டும் தடவுங்கள். அதன் துவர்ப்புச் சத்து மிச்சத் துருவோடு சேர்ந்து கறுப்பாகப் படியும். தேக்கில் பட்டால் கறை பிடிக்கும், சுற்றிலும் மெழுகு தேய்த்துக்கொள்ளுங்கள். காய்ந்தபின் எண்ணெய்.