நியூகாசிலில் ஷியரரைச் சந்தித்தவர்கள் யாராவது உண்டா?

இந்த ஊருக்கு மேற்படிப்புக்கு வந்து பல வருடம் ஆகிறது. நியூகாசில் யுனைடெட் கால்பந்து அணியின் பழைய நட்சத்திரம் ஆலன் ஷியரரை இன்னும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் அவர் பேச்சு காதில் விழாமல் ஒரு வாரம் போனதில்லை.

வந்த அன்றே ஆரம்பித்தது. ரயில் நிலையத்தில் டாக்சி பிடித்தேன். ஓட்டுநருக்கு அறுபது வயது இருக்கும். அவருடைய ஜோர்டி ஆங்கிலம் (இந்த ஊர் வட்டாரப் பேச்சு) பாதிதான் புரிந்தது. ஊர் எப்படி என்று சும்மா கேட்டேன், மனிதர் நேரே 1996-க்குப் போய்விட்டார். பிளாக்பர்ன் அணியிலிருந்து ஒன்றரைக் கோடி பவுண்டுக்கு ஷியரர் வந்த கோடை அது. ஒரு கால்பந்து ஆட்டக்காரருக்கு அன்றைக்கு உலகத்திலேயே அதுதான் அதிக விலை. மான்செஸ்டர் யுனைடெட் கூப்பிட்டும் போகவில்லையாம். "தகரப் பட்டறைத் தொழிலாளி மகன், காஸ்ஃபோர்த் பையன்" என்று, இந்த ஊர்ப் பகுதி ஒன்றின் பெயரைச் சேர்த்து, சொந்தத் தம்பியைப் போலச் சொன்னார். இறங்கும்போது வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். நானும் டாட்டா காட்டினேன்.

சில வாரம் கழித்து அணியின் மைதானமான செயின்ட் ஜேம்ஸ் பார்க் பக்கம் போனபோது அதே கை ஷியரரின் வெண்கலச் சிலையில் நின்றது. ஒவ்வொரு கோலுக்கும் அவர் அப்படித்தான் ஓடுவாராம். வெட்கமாகப் போய்விட்டது.

எனக்குப் பிடிபடாத விஷயம் ஒன்று. பத்து வருடம் ஆடி, 206 கோல் போட்டு, முந்தைய சாதனையாளர் ஜாக்கி மில்பர்னின் 200-ஐயும் தாண்டியவர் இங்கே ஒரு பெரிய கோப்பைகூட வெல்லவில்லை. 1998, 1999 எஃப்.ஏ. கோப்பை இறுதி இரண்டிலும் தோல்வி. லீக் பட்டம் வாங்கியது பிளாக்பர்னுக்கு, 1995-ல். 2009-ல் கடைசி எட்டு ஆட்டத்துக்குப் பயிற்சியாளராக வந்தார், அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கிவிட்டது. அதற்காக அவரை யாரும் திட்டி நான் கேட்டதில்லை. "கோப்பை வேணும்னா அவர் வேற எங்கேயாவது போயிருப்பாரே" என்றார் அலுவலகத்தில் ஒருவர். 2025 மார்ச்சில் வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலை 2-1 என்று வென்று, உள்நாட்டுக் கோப்பைக்கான எழுபது வருடத் தாகம் தீர்ந்தபோது, ஷியரர் ரசிகர்களோடு நின்று கத்திக்கொண்டிருந்தார். அவரை டிவியில் காட்டியதும் நான் இருந்த பப்பில் இன்னொரு கோல் விழுந்த மாதிரி சத்தம்.

உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

பதில்: நான் அவர் பெயரில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் மையத்தில் கொஞ்ச நாள் உதவிக்குப் போனேன். 2006-ல் நடந்த அவருடைய பிரிவுபசார ஆட்டத்தின் வசூலில் ஒரு பங்கு அந்த மையத்துக்குத்தான் போனது. அங்கே ஒரு அம்மா, "எத்தனை கோல் போட்டார்னு எனக்குத் தெரியாது. என் பையனை நம்பி விட்டுட்டுப் போக ஒரு இடம் இருக்கு, அது தெரியும்" என்றார்.

பதில்: அண்ணா, நான் இருப்பது சண்டர்லாந்தில். மெட்ரோவில் அரை மணி நேரம்தான், ஆனால் நியூகாசிலின் பரம எதிரி அணியின் ஊர் இது, இங்கே அந்தப் பெயரை எடுக்கக்கூடாது! அவருடைய கடைசி கோல் எங்கள் ஊர் மைதானத்தில்தான். 2006 ஏப்ரல், பெனால்டி, எங்களுக்கு 4-1 தோல்வி. அதே ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு அவர் ஆட்டமே முடிந்தது. எங்கள் வீட்டுக்காரப் பெரியவர் இன்னமும், "போறப்பவும் ஒண்ணு போட்டுட்டுத்தான் போனான்" என்று புலம்புகிறார். அப்புறம், "நல்ல ஆட்டக்காரன்தான்" என்பார், பக்கத்தில் யாரும் இல்லாதபோது மட்டும்.

பதில்: தம்பி, ஞாயிற்றுக்கிழமை பெரியவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பிரியாணி உண்டு. சிலை இருக்கும் வழியாக அழைத்துப் போகமாட்டேன்.