வண்டி நம்பர் விளையாட்டு: "முடியாது"ன்னு சொன்னா எத்தனை பாயின்ட்? அவசரம்

திருநகர்_அப்பா
காலையில தேனி கிளம்புறோம், அதுக்குள்ள சொல்லுங்க. வண்டி நம்பரை வெச்சு 10 கொண்டு வர்ற விளையாட்டு. கொண்டு வந்தா 1, முதல்ல "முடியாது"ன்னு சொன்னா 3. போன தடவை பெரியவன் எதைப் பார்த்தாலும் முடியாது முடியாதுன்னே 39 எடுத்துட்டான். சின்னவ உசிலம்பட்டி வரைக்கும் அழுகை. விதியை எப்படி மாத்த?

ஜிகர்தண்டா
கடைசி நாலு எண் மட்டுமாண்ணே, இல்ல TNக்குப் பக்கத்துல வர்ற 58, 59ம் சேருமா?

புதூர்க்காரி
பெருக்கல் வகுத்தல் உண்டா? இடம் மாத்திப் போடலாமா? 1111 வந்தா 11ன்னு ஒட்டிக்கலாமா? ஒட்டலாம்னா 11 − 1 × 1 = 10. ஒட்டக் கூடாதுன்னா வராது.

கணக்குப்புலி
இதெல்லாம் ஆறாங்கிளாஸ் சமாச்சாரம். இடம் பார்க்காம நாலு எண் எடுத்தா 715 சேர்க்கை, அதுல 552ல 10 வரும், 163ல வராது. அந்த 163ஐ எழுதி பையன் கையில கொடுங்க. இதுக்கு ஒரு இழையா?

ஜிகர்தண்டா
எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் என்ன விளையாட்டு, மனப்பாடப் போட்டியா?

திருநகர்_அப்பா
கடைசி நாலு மட்டும். நாலு கணக்கும் உண்டு, இடம் மாத்தலாம், ஒட்டக் கூடாது. சண்டை வந்த நம்பர் 3478.

கணக்குப்புலி
3478 வராது. பையன் சொன்னது சரி. 3 பாயின்ட் கொடுங்க.

மாசிவீதி
ஊர் நம்பருக்கு போனஸ் வைங்க. தேனி ரோடுதானே, 60க்கு 2. மதுரை 58, 59க்கு 1.

புதூர்க்காரி
64 எங்க போச்சு?

மாசிவீதி
அது நேத்து வந்த நம்பர்க்கா. மதுரைன்னா 58, 59தான்.

புதூர்க்காரி
58 தெற்கு, 59 வடக்கு, 64 மத்தி. நடு ஊரு மதுரை இல்லையாம், நல்லா இருக்குய்யா. மாசிவீதின்னு பேரு வேற.

கணக்குப்புலி
தலைப்பை விட்டு வெளியே போகாதீர்கள்.

ஓய்வு_வாத்தியார்
3478: 7ஐ 4ஆல் வகுங்க, 1.75. 3ல கழிச்சா 1.25. எட்டால பெருக்குனா 10. வரும் தம்பி.

திருநகர் தம்பிக்கு: பூஜ்யம் இல்லாம நாலும் வேற வேற எண்ணா இருந்தா எப்பவுமே 10 வரும். அதனால பூஜ்யமோ, ஒரே எண் ரெண்டு தரமோ இருந்தாத்தான் "முடியாது" சொல்லலாம்னு வைங்க. அதுவும் உடனே பாயின்ட் கிடையாது, அடுத்த ஊர் வரைக்கும் நிறுத்தி வைங்க. அதுக்குள்ள இன்னொருத்தர் கொண்டு வந்துட்டா பாயின்ட் அவருக்கு, சொன்னவருக்கு 2 கழிவு. 1158ஐ முடியாதுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. 1ல ஐந்தில் ஒரு பங்கைக் கழிச்சு, வர்றதால 8ஐ வகுத்துப் பாருங்க. இந்த மாதிரி பின்னத்துல வந்தா 5 கொடுங்க, வெறும் கூட்டல் கழித்தலுக்கு 1 போதும்.

ஜிகர்தண்டா
புலி, இருக்கீங்களா?

மாசிவீதி
அக்கா, 64 பத்தி இன்னும் பேசி முடிக்கல.

திருநகர்_அப்பா
ஆரப்பாளையத்துல ஏறியாச்சு. வாத்தியார் விதிதான். செக்கானூரணி வரைக்கும் சின்னவ 11, பெரியவன் 2. இப்ப ஜன்னல் சீட்டுல இருக்கறவதான் நம்பரை முதல்ல பார்க்கறான்னு புதுச் சண்டை.

ஜிகர்தண்டா
எந்தப் பக்க ஜன்னல்ணே? அதைச் சொல்லலையே.