ஸ்டாப்வாட்ச் வைத்துக் குழந்தையை அளக்கலாமா?

நிழல்மரம்: பழைய சாக்பீஸ் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. ஒரு நிமிட வாசிப்பும் ஒரு ஸ்டாப்வாட்சும் இருந்தால் போதுமாம், பயிற்சி பெற்ற ஆசிரியரே டிஸ்லெக்சியா என்ற வாசிப்புக் குறைபாட்டைக் கண்டுபிடித்துவிடுவாராம். என் மகன் கடிகாரத்தைக் கண்டாலே வியர்த்துப்போவான், முதல் சொல்லே வராது. எதை எண்ணுவீர்கள், அவன் பயத்தையா?

பழைய சாக்பீஸ்: "கண்டுபிடித்துவிடுவார்" என்று நான் எழுதவில்லை, "சந்தேகிக்க முடியும்" என்றுதான் எழுதினேன். 22 ஆண்டுகளாக ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஒரு நிமிடத்தில் சரியாகப் படித்த சொற்களை எண்ண வேண்டும். தவறிய சொல்லைக் குழந்தை 3 விநாடிக்குள் தானே திருத்திக்கொண்டால் அது சரிதான். 3 விநாடி தடுமாறினால் நாமே சொல்லிவிட்டு நகர வேண்டும். இதில் பயப்பட என்ன இருக்கிறது? மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ குழு உருவாக்கிய முறை இது. நானாகக் கட்டிய கதை இல்லை.

எழுத்தெண்ணி: டெனோ அதைக் குழந்தையின் முன்னேற்றத்தை அளக்கத்தான் உருவாக்கினார், முத்திரை குத்த இல்லை. 2013-இல் வந்த டிஎஸ்எம்-5, அதாவது அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, என்ன சொல்கிறது? உதவி கொடுத்த பிறகும் குறைந்தது 6 மாதம் சிரமம் நீடிக்க வேண்டும். பார்வை, கேட்கும் திறன் எல்லாம் பார்த்தாக வேண்டும். 6 மாதம் எங்கே, உங்கள் ஒரு நிமிடம் எங்கே?

பழைய சாக்பீஸ்: அந்த 6 மாதமும் உதவி கொடுக்கப்போவது யார்? நீங்களா? வகுப்பில் நிற்கிற ஆசிரியர்தானே! வாரம் ஒருமுறை அந்த ஒரு நிமிடத்தை எடுத்து வரைபடத்தில் புள்ளி வையுங்கள். தொடர்ந்து 4 புள்ளிகள், குழந்தை எட்ட வேண்டிய அளவைக் காட்டும் இலக்குக் கோட்டுக்குக் கீழே போனால் சொல்லித்தரும் முறையை மாற்றுங்கள். உதவி கொடுத்ததற்கு அந்தப் புள்ளிகள்தான் சாட்சி.

நிழல்மரம்: மறுபடியும் கடிகாரம்! என் மகனுடைய டீச்சரும் பயிற்சிக்குப் போய்வந்தவர்தான். ஸ்டாப்வாட்சை மேசைமேல் வைத்து, எல்லோர் முன்னாலும் படிக்கச் சொல்லி, எத்தனை சொல் என்று உரக்க அறிவித்தார். அன்றிலிருந்து வாசிப்பு வகுப்பு என்றாலே அவனுக்கு வயிற்றுவலி.

பழைய சாக்பீஸ்: அது அந்த டீச்சரின் தவறு. தனியாக உட்காரவைத்து, கடிகாரம் கண்ணில் படாமல் செய்ய வேண்டும்.

நிழல்மரம்: அதைப் பயிற்சியில் சொல்லித்தராதது யார் தவறு?

மைக்கூடு: குழந்தை எழுத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பி எழுதுகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடுமே. கடிகாரம் எதற்கு?

எழுத்தெண்ணி: தொடக்க வகுப்பில் எத்தனையோ குழந்தைகள் அப்படி எழுதும், பிறகு தானே சரியாகும். சிக்கலின் வேர் பெரும்பாலும் ஒலியில் இருக்கிறது. "படம்" என்பதில் "ப"வை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்லச் சொல்லுங்கள். அர்த்தமே இல்லாத சொற்களைப் படிக்கக் கொடுங்கள், அங்கே மனப்பாடம் கைகொடுக்காது.

மைக்கூடு: போன மாதம் கையெழுத்து விவாதத்திலும் இப்படித்தான் என்னை மட்டம் தட்ட வந்தீர்கள்.

எழுத்தெண்ணி: அப்போதும் நீங்கள் தப்பாகத்தான் எழுதியிருந்தீர்கள்.

பழைய சாக்பீஸ்: சரி, சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். வரிசையாக இருக்கும் படங்களின் பெயரை வேகமாகச் சொல்லவைக்கும் சோதனையை உளவியலாளர்களே நடத்துகிறார்கள். அதுவும் கடிகாரத்தை வைத்துத்தான்! அவர்கள் கையில் இருந்தால் கருவி, ஆசிரியர் கையில் இருந்தால் ஆயுதமா? இப்படிச் சிரமப்படும் குழந்தைகளுக்கு வாசிப்பு சொல்லித்தரும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையில் எழுத்தைப் பார்த்து, ஒலியைக் கேட்டு, வாயால் சொல்லி, விரலால் எழுதி, ஒவ்வொன்றாகத்தான் ஏறிப்போகிறோம். எந்தப் படியில் குழந்தை நிற்கிறது என்று தெரியாமல் எதிலிருந்து தொடங்குவீர்கள்? என்னிடம் பயிற்சி பெற்றவர்கள் யாரும் குழந்தையை அழவைத்ததில்லை.

எழுத்தெண்ணி: அதை அந்தக் குழந்தைகளிடம் கேட்டீர்களா?

நிழல்மரம்: நேற்று ராத்திரி என் மகன் ஒரு பக்கம் முழுதாகப் படித்தான். 4 நிமிடம் ஆனதா 10 நிமிடம் ஆனதா, நான் பார்க்கவில்லை.

பழைய சாக்பீஸ்: பார்த்திருந்தால் அடுத்த மாதம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

மைக்கூடு: எழுத்தைத் திருப்பி எழுதுவதைப் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் ஒழுங்கான பதில் வரவில்லை.