கணவனும் மனைவியும் ஒரே பேண்டில்: சரிப்பட்டு வருமா?

ஆறுகம்பி:
நான் கிட்டார் வாசிப்பேன், பாடுவேன். மனைவி பிடில். அமெரிக்க ரூட்ஸ் இசை என்கிறார்களே, அப்பலாச்சிய மலைப்பாட்டு, ப்ளூஸ், கன்ட்ரி, காஸ்பெல் எல்லாம் கலந்தது, அதில்தான் இருவருக்கும் பைத்தியம். இதுவரை ஆளுக்கொரு குழுவில் இருந்தோம். இப்போது இரண்டையும் விட்டுவிட்டு நாமே ஒரு பேண்ட் தொடங்கலாம் என்கிறார் மனைவி. ஆசையாகத்தான் இருக்கிறது, வயிற்றையும் கலக்குகிறது. போன வாரம் சும்மா வாசித்துப் பார்த்தபோது, நடுப்பாட்டில் பிடில் வில்லை எடுத்துவிட்டு "ஓடுகிறீர்கள்" என்றார். தாளத்தில் ஓடுகிறேனாம். பழைய குழுவில் பாஸ் வாசிப்பவர் இதையே சொன்னால் சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவேன். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு வரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்த லட்சணத்தில் தொடங்கலாமா?

பழையரேடியோ:
வேண்டாம் தம்பி. இந்த இசையின் ஆதிக்கதையே உங்களுக்கு ஒரு எச்சரிக்கைதான். கார்ட்டர் ஃபேமிலி என்ற பழைய குழு தெரியும் அல்லவா? ஏ.பி. கார்ட்டர், அவர் மனைவி சாரா, சாராவின் சித்தி பெரியம்மா வழித் தங்கை முறையில் வரும் மேபெல். 1927 ஆகஸ்டில் அமெரிக்காவின் பிரிஸ்டல் ஊருக்குப் போய் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியரிடம் பாடிப் பதிவு செய்தார்கள், பேர் பெற்றார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? பாட்டு சேகரிக்கிறேன் என்று ஏ.பி. ஊர் ஊராய்ச் சுற்றக் கிளம்பிவிட்டார். வீடும் பிள்ளைகளும் சாரா தலையில். 1930களின் தொடக்கத்திலேயே பிரிந்தார்கள், 1936இல் விவாகரத்து. பேண்டும் குடும்பமும் ஒரே கூரையின் கீழ் இருந்தால் இதுதான் கதி.

மீனா_சுருதி:
ரேடியோ சார், பாதிக் கதையைச் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டீர்களே. பிரிந்த பிறகும் அவர்கள் 1941 வரை ஒன்றாகப் பதிவு செய்தார்கள். அந்தக் கல்யாணத்தைவிட அந்த பேண்ட் கெட்டி என்றுதானே ஆகிறது?

பழையரேடியோ:
அம்மா, நீங்கள் அதைப் பெருமை என்கிறீர்கள், நான் கொடுமை என்கிறேன். விவாகரத்தான புருஷன் பக்கத்தில் நிற்க, அதே பாட்டை, அதே குரலில் பாட வேண்டும். பேண்ட் என்று ஒன்று இல்லாவிட்டால் அந்த அம்மா நிம்மதியாக வேறு வழி பார்த்திருப்பார்.

மிக்ஸர்மாமா:
நான் மேடைக்கு ஒலி அமைக்கிறவன். ஜோடிகள் நிறையப் பேரை சவுண்ட் செக்கில் பார்த்திருக்கிறேன். சண்டை எப்போதும் இசையில் ஆரம்பிப்பதில்லை. "என் மானிட்டரில் (மேடையில் நமக்கே கேட்க வைக்கும் ஸ்பீக்கர்) அவர் கிட்டாரைக் குறையுங்கள்" என்று மனைவி என்னிடம் சொல்வார். பக்கத்தில்தான் கணவர் நிற்பார். அவரிடம் சொல்ல மாட்டார், என்னிடம் சொல்வார். அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிடும், இன்றைக்கு வீட்டுச் சண்டை மேடை ஏறியிருக்கிறது. ஆனால் அதே ஜோடியை ஒரே மைக் முன்னால் நிறுத்திப் பாருங்கள். யார் எப்போது மூச்சு எடுப்பார், எந்தச் சொல்லை எங்கே முடிப்பார் என்று ஒருவருக்கு ஒருவர் தெரியும். வாடகைக்கு வந்த பாடகரிடம் அதை வாங்க முடியாது. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது, மன்னிக்கவும்.

மீனா_சுருதி:
மாமா, நடுவில் நின்று தப்பிக்காதீர்கள் :)
ஆறுகம்பி, கிட்டார் கலைஞர் டெரெக் ட்ரக்ஸ், பாடகி சூசன் டெடெஸ்கி இருவரையும் பாருங்கள். 2001இல் கல்யாணம். இரண்டு பேருக்கும் தனித்தனி பேண்ட், தனித்தனிப் பயணம். 2010இல்தான் சேர்ந்து ஒன்றைத் தொடங்கினார்கள். 2011இல் முதல் ஆல்பம், அதற்கே கிராமி விருது. அவசரப்படாமல் தொடங்கினார்கள், இன்றும் ஓடுகிறது.

பழையரேடியோ:
ஒன்பது வருஷம் தனித்தனியாகப் பேர் வாங்கிவிட்டு வந்தவர்களை உதாரணம் காட்டினால் எப்படி? அந்த பேண்டில் மொத்தம் பத்துப் பேருக்கு மேல். சண்டை வந்தாலும் நடுவில் ட்ரம்பெட்காரர் இருப்பார். தம்பி வீட்டில் இருப்பது இரண்டே பேர். ஓஹையோவின் ஓவர் த ரைன் பேண்ட் ஜோடியைக் கேளுங்கள். 2003இல் இரட்டை ஆல்பம் வந்த கையோடு, கல்யாணம் ஆட்டம் கண்டதென்று பயணத்தையே ரத்து செய்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மீனா_சுருதி:
திரும்பியவர்கள் பிழைத்தார்களே! அடுத்த ஆல்பத்தை 2005இல் வெளியிட்டார்கள், அதுவும் வீட்டுக் கூடத்திலேயே பதிவு செய்தது. உங்கள் உதாரணம் எல்லாம் எனக்குத்தான் சாட்சி சொல்கிறது சார்.

எனக்குப் பிடித்த வழி ஹேண்ட்ஸம் ஃபேமிலி என்ற ஜோடி பேண்டின் வழி. ரெனி ஸ்பார்க்ஸ் வரிகள் எழுதுவார், கணவர் பிரெட் மெட்டுப் போடுவார், பாடுவார். வயலுக்கு நடுவே வரப்பு வைத்த மாதிரி. 2003இல் போட்ட ஒரு பாட்டு 2014இல் ட்ரூ டிடெக்டிவ் டிவி தொடரின் முகப்புப் பாடலானது. ஆறுகம்பி, உங்கள் வீட்டில் வரப்பு எங்கே என்று முதலில் முடிவு செய்யுங்கள். தாளம் யார் பொறுப்பு?

ஆறுகம்பி:
வரப்புத்தான் இல்லை. சுருதியில் கூட ஒத்துப்போகவில்லை. பாட எனக்கு ஒரு கட்டை (சி) சுகம், அவருக்கு ஐந்து (ஜி). நடுவில் இரண்டரைக்கு வைக்கலாம் என்றேன், முகம் மாறிவிட்டது.

மிக்ஸர்மாமா:
மாறத்தான் மாறும். உங்களுக்கென்ன, கேப்போ என்ற கிளிப்பைக் கழுத்தில் மாட்டினால் கிட்டார் எந்தச் சுருதிக்கும் போகும். பிடிலுக்கு ஜி, டி, ஏ, ஈ என்று திறந்த கம்பிகள், விரல் வைக்காமலே ஒலிப்பவை. அந்தப் பழைய மெட்டுகள் பெரும்பாலும் பிறந்ததே டி, ஏ, ஜியில்தான். இரண்டரையில் வைத்தால் திறந்த கம்பியின் முழக்கம் ஒழுங்காகச் சேராது, விரலுக்கும் தண்டனை. சுருதியைப் பிடிலுக்கு விட்டுவிடுங்கள், உங்கள் பாட்டு எட்டவில்லை என்றால் முதல் குரலை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கீழே சேர்ந்து பாடுங்கள். கார்ட்டர் ஃபேமிலியிலும் முதல் குரல் சாராவுடையதுதான். ஏ.பி. தோன்றினால் சேர்ந்துகொள்வார், தோன்றாவிட்டால் சும்மா இருப்பார்.

பழையரேடியோ:
சும்மா இருந்தவர் பேரில்தான் பாட்டுகள் பதிவாயின என்பதையும் சொல்லுங்கள் மாமா. உரிமை ஏ.பி. கார்ட்டர் பேரில். பாடினது சாரா, கிட்டாரில் கட்டை விரலால் மெட்டை இழுத்தது மேபெல். காகிதத்தில் இருப்பது ஒரே பெயர். கல்யாணத்தில் கணக்கு எழுதுவதில்லை, பேண்டில் எழுதியே ஆக வேண்டும். எழுதக் கூசுவதால்தான் ஜோடி பேண்டுகள் நாறுகின்றன.

மீனா_சுருதி:
இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன் சார். எரிச்சலோடுதான்.

பிடில்காரி:
வணக்கம். நான்தான் அந்த மனைவி. இதற்காகவே கணக்குத் திறந்தேன். இவர் சொல்லாமல் விட்டது ஒன்று: அன்றைக்கு நான் "ஓடுகிறீர்கள்" என்றது மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவை காலால் தட்டிக் காட்டினேன், இவர் கண்ணை மூடிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார். ராத்திரி இவர் பேசாமல் இருந்தாரா? எனக்குத் தெரியவே இல்லை, நான் ஹெட்ஃபோனில் அந்தப் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஓடினாலும் நன்றாகவே இருந்தது.

மிக்ஸர்மாமா, சுருதி விஷயத்துக்கு நன்றி. டி என்று நேற்று முடிவாகிவிட்டது. இவர் கீழ்க்குரல்.

ஆறுகம்பி:
நேற்றா? எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

பழையரேடியோ:
வாங்கம்மா. நீங்களே சொல்லுங்கள், சொந்தப் பாட்டு போட்டால் யார் பேரில் பதிவாகும்?

பிடில்காரி:
மெட்டு என் பேரில், வரி அவர் பேரில்.

ஆறுகம்பி:
வரியில் பாதி நீ எழுதியதுதானே?

பிடில்காரி:
அப்படியானால் வீட்டில் பேசலாம், இங்கே வேண்டாம்.