‘போல’ வந்தாலே உவமையா?

பொகவந்தலாவை வாசகி:
சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகள், ‘போல’ இருந்தால் உவமை, இல்லாவிட்டால் உருவகம் என்று எழுதிவிடுகிறார்கள். சிலப்பதிகாரத்தில் மதுரை மதிற்கொடி “வாரல் என்பனபோல்” கை காட்டுவதை உவமை என்றார்கள், பிழை. “தோட்டமே வேலைக்கு இறங்கவில்லை” என்பதை உருவகம் என்றார்கள், அதுவும் பிழை. எதை வைத்துப் பிரிப்பது?

பனிமூட்டம்:
‘போல’ மாதிரி ஒப்பிடும் உருபைத் தேட விடாதீங்க டீச்சர். நன்னூல் போல, புரைய, அன்ன என்று 12 உருபு சொல்கிறது, அதை மனப்பாடம் செய்து பயனில்லை. பொருள், உவமை, பொதுத்தன்மை மூன்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்க. “கொழுந்துக்கூடை கல்லுப்போலக் கனத்தது”: கூடை, கல், கனம். மூன்றும் கிடைத்தால் உவமை.

கொடியில் நடப்பது வேறு. காற்றில் கொடி அசைவது இயல்பு. கோவலனையும் கண்ணகியையும் ‘வராதீர்கள்’ என்று தடுப்பதாகச் சொல்வது புலவர் ஏற்றிய கருத்து. அதை நீக்கினாலும் கொடி அசையும். அப்படியானால் தற்குறிப்பேற்றம். “கொழுந்தெடுப்பவர் முதுகு வேகப் பொறுக்காமல் மூடுபனி இறங்கியது” என்பதும் அதே வகை. ‘பொறுக்காமல்’ போனால் வெறும் பனிதான் மிச்சம்.

ஏழாம் நம்பர் மலை:
உருபு மறைந்த இடத்தில் சொல் வரிசையைப் பாருங்கள். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர், உருவகம். ‘பிறவிப் பெருங்கடல்’ இரண்டாவது வகை.

ஆனால் ‘ஆகிய’வைக் கண்ட இடத்தில் எல்லாம் செருகக் கூடாது. ‘பனிமலை’ பனியாகிய மலை அல்ல, பனி படிந்த மலை. அணியே இல்லை. நம்ம பக்கம் “மலையில கொழுந்து கொறைவு” என்றாலும் அப்படித்தான். அங்கே மலை என்பது தேயிலை நிற்கும் இடத்துக்கு நாம் வைத்த பேர்.

பனிமூட்டம்:
தோட்டம் இறங்காததை விட்டுவிட்டேன். அது இடவாகுபெயர். தோட்டத்துக்கும் ஆட்களுக்கும் ஒப்புமை இல்லை, இருப்பிடத் தொடர்பு மட்டும். ‘தோட்டத்து ஆட்கள்’ என்று மாற்றிப் பார்த்தால் பொருள் அப்படியே நிற்கும். லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளை வைத்து “லயமே விழித்திருந்தது” என்பதும் இதுதான். “தோட்டம் எங்கள் தாய்” என்றால்தான் உருவகம். இன்னொன்று, ஆகுபெயர் இலக்கணத்தில் வருவது. அணி எது என்று கேட்ட கேள்விக்கு அதை எழுதக் கூடாது.

பொகவந்தலாவை வாசகி:
நன்றி சேர். “அகர முதல எழுத்தெல்லாம்” குறளில் உருபும் இல்லை, ‘ஆகிய’வும் பொருந்தவில்லையே?

ஏழாம் நம்பர் மலை:
அங்கே இரண்டு முழு வாக்கியம் இருக்கிறது. எழுத்துக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல். நடுவில் ‘அதுபோல’ வைத்துப் பாருங்கள், அழகாக உட்காரும். எடுத்துக்காட்டு உவமை.