ஃபுக்கெட்டில் மாமாவுக்கு டெங்கு, காய்ச்சல் விட்டுவிட்டது, நாளைக்கே கிளம்பலாமா? (அவசர உதவி)

காவேரிப்பட்டினத்தான்:

வணக்கம். அக்காவும் மாமாவும் மாங்காய் சீசன் முடிந்த கையோடு தாய்லாந்து போனார்கள். மாமா மண்டி வைத்திருப்பவர், ஆகஸ்ட் வந்தால்தான் அவருக்கு மூச்சுவிட நேரம். அங்கே அது மழைக்காலம், அதனால் எல்லாம் மலிவு. கடலில் பாதி நேரம் இறங்கக் கூடாது என்று சிவப்புக் கொடிதானாம், காலை மட்டும் நனைத்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

போன வாரக் கடைசியில் மாமாவுக்குக் கடும் காய்ச்சல். கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பு முறிகிற மாதிரி வலி. பத்தோங் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்து, டெங்கு என்று உறுதியாகிவிட்டது. இன்று ஐந்தாம் நாள். காலையில் காய்ச்சல் சுத்தமாக விட்டுவிட்டது. நாளை இரவு பெங்களூருக்கு டிக்கெட் இருக்கிறது. "பாஷையும் புரியல, பில்லும் ஏறுது, ஊருக்கு வந்து பாத்துக்கலாம்" என்கிறார் அக்கா. டாக்டர் இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொல்கிறாராம். பில்லுக்காக இழுக்கிறார்களோ என்று எங்களுக்குச் சந்தேகம்.

அக்கா அனுப்பிய ரிப்போர்ட்டில் பிளேட்லெட் 62 என்று இருக்கிறது. வெறும் அறுபத்திரண்டா? வீட்டில் அம்மா அழுதுகொண்டிருக்கிறார். இன்சூரன்ஸ் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. என்ன செய்யலாம்?

வார்டு சிஸ்டர்:

தம்பி, முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அது 62 ஆயிரம். அந்த ஊர் லேப்களில் ஆயிரத்தை ஓரத்து யூனிட்டில் போட்டுவிடுவார்கள். குறைவுதான், ஆனால் டெங்குவில் வழக்கமாகப் பார்க்கிற எண்தான்.

அடுத்தது முக்கியம். காய்ச்சல் விட்டதும் நோய் விட்டது என்று நினைக்க வேண்டாம். டெங்குவில் சிக்கல் வருவதே காய்ச்சல் இறங்குகிற சமயத்தில்தான். அப்போதிருந்து 24 முதல் 48 மணி நேரம் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியலாம். ஆள் எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார், நாலு மணி நேரம் கழித்து பி.பி. இறங்கிக் கிடப்பார். டாக்டர் சொல்கிற இரண்டு நாள் சரியாக அந்தக் கணக்குதான். பில்லுக்காக இழுப்பவர்களும் உலகத்தில் உண்டு, ஆனால் இது அதுவல்ல.

அதே ரிப்போர்ட்டில் ஹெச்.சி.டி. என்று ஒரு வரி இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு அது. நேற்று எவ்வளவு, இன்று எவ்வளவு? எல்லோரும் பிளேட்லெட்டையே பார்க்கிறார்கள், எனக்கு இதுதான் கவலை. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கை கால் சில்லிட்டுப் போவது, ஒரேயடியாகச் சோர்ந்து கிடப்பது, இதில் ஒன்று இருந்தாலும் அக்கா உடனே நர்ஸைக் கூப்பிடட்டும். மாமாவுக்கு முன்பு டெங்கு வந்திருக்கிறதா? வலிக்கு என்ன மாத்திரை சாப்பிட்டார்?

காவேரிப்பட்டினத்தான்:

நன்றி சிஸ்டர். ஹெச்.சி.டி. நேற்று 43, இன்று 49. 2017-இல் நம் பக்கம் பரவியபோது மாமாவுக்கும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ரூம் பக்கத்துக் கடையில் இப்யூபுரூஃபன் வாங்கிப் போட்டிருக்கிறார்.

வார்டு சிஸ்டர்:

இந்த மூன்றையும் அக்கா இப்போதே டாக்டரிடம் சொல்லட்டும். 43 லிருந்து 49 என்றால் ரத்தம் கெட்டியாகிறது, நீர் வெளியே போகிறது என்று அர்த்தம். டெங்கு வைரஸில் நான்கு வகை. இரண்டாம் முறை வேறு வகை வந்தால் நோய் கடுமையாக மாற வாய்ப்பு அதிகம். இப்யூபுரூஃபன், ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது, ரத்தக்கசிவைக் கூட்டும். பாராசிட்டமால் மட்டும், அதுவும் அளவோடு. நாளைய விமானத்தை மறந்துவிடுங்கள்.

மாந்தோப்பு:

பப்பாளி இலைச் சாறு கொடுத்தால் பிளேட்லெட் ஏறும் என்பார்கள். நிலவேம்பு பொடி கொரியரில் அனுப்புங்கள்.

வார்டு சிஸ்டர்:

மாந்தோப்பு அண்ணா, நல்ல எண்ணத்தில் சொல்கிறீர்கள், தெரியும். எப்போது வேண்டுமானாலும் வாந்தி வரலாம் என்கிற மனுஷனுக்கு அந்தக் கசப்பைக் கொடுத்தால் இருக்கிற தண்ணீரும் வெளியே வந்துவிடும். டிரிப்ஸ் அளவைப் பார்த்துப் பார்த்து ஏற்றுகிற நேரம் இது. ஊருக்கு வந்தபின் குடிக்கட்டும்.

ஓசூர் டிராவல்ஸ்காரன்:

ப்ரோ, ஏஜென்ட்டை விடுங்கள். பாலிசி பி.டி.எஃபில் 24 மணி நேர உதவி எண் இருக்கும். நீங்கள் இங்கிருந்தே கூப்பிட்டு பாலிசி எண், பாஸ்போர்ட் எண், ஆஸ்பத்திரி பெயர் சொல்லுங்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணப் பொறுப்புக் கடிதம் அனுப்பினால் கேஷ்லெஸ், அதாவது பில்லை அவர்களே நேராகக் கட்டிவிடுவார்கள். ஃபுக்கெட்டில் பெரிய தனியார் ஆஸ்பத்திரிகளில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனி கவுண்டர் உண்டு, இந்த வேலையை அவர்கள் தினமும் செய்கிறவர்கள். தாமதமாகச் சொன்னால் கிளெய்மில் கேள்வி வரும், எனவே இன்றைக்கே. பாலிசி தேதி நாளையோடு முடிந்தால், அட்மிட் ஆகியிருப்பதால் நீட்டிப்பு உண்டா என்று மறக்காமல் கேளுங்கள். சில பாலிசிகளில் இருக்கும்.

டிக்கெட்டை விமானம் கிளம்பும் முன் மாற்றுங்கள். வராமல் விட்டால் "நோ ஷோ", பணம் போச்சு. ஆஸ்பத்திரிக் கடிதம் இணைத்து மெயில் போட்டால் சில நிறுவனங்கள் மாற்றுக் கட்டணத்தில் விட்டுக்கொடுக்கும். அக்கா டிக்கெட்டையும் சேர்த்து மாற்றுங்கள், பலர் நோயாளி டிக்கெட்டை மட்டும் மாற்றிவிட்டு முழிப்பார்கள்.

பாஸ்போர்ட்டில் அடித்த ஸ்டாம்ப்பில் எந்தத் தேதி வரை என்று பாருங்கள். தாண்டினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000. மருத்துவக் கடிதத்தோடு இமிகிரேஷன் ஆபீஸில் நீட்டிப்பு கேட்கலாம்.

அஞ்செட்டி:

எம்பஸியில் சொன்னால் பில் கட்டுவார்களா?

ஓசூர் டிராவல்ஸ்காரன்:

வழக்கமாகக் கட்ட மாட்டார்கள். கையில் ஒன்றுமே இல்லாதவர்களுக்கு இந்திய சமூக நல நிதி என்று ஒன்று உண்டு, 2009-இல் தொடங்கியது, விசாரித்துத்தான் தருவார்கள். ஆனால் பாஷைப் பிரச்சினை, ஆஸ்பத்திரியோடு தகராறு என்றால் பாங்காக்கில் உள்ள நம் தூதரகத்துக்குப் போன் போடலாம். சுற்றுலா போலீஸ் 1155, ஆங்கிலத்தில் பேசுவார்கள். ஆம்புலன்ஸ் 1669.

காவேரிப்பட்டினத்தான்:

அப்டேட். நேற்று ராத்திரி பி.பி. இறங்கி, டிரிப்ஸ் வேகத்தைக் கூட்டியிருக்கிறார்கள். விமானத்தில் இருந்திருக்க வேண்டிய நேரம் அது. இன்று ஹெச்.சி.டி. 42, பிளேட்லெட் 71. உடம்பெல்லாம் சிவந்து அரிக்கிறதாம். இட்லி கேட்டாராம், அரிசிக் கஞ்சிதான் கிடைத்தது. கேஷ்லெஸ் வந்துவிட்டது. டிக்கெட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றியாச்சு.

வார்டு சிஸ்டர்:

அந்த அரிப்பு நல்ல அறிகுறி, தேறும்போது வருவது. பிளேட்லெட் தானாக ஏறிக்கொண்டிருக்க வேண்டும், டிரிப்ஸ் இல்லாமல் ஒரு நாள் தாக்குப்பிடிக்க வேண்டும். அப்புறம் "விமானத்தில் பயணிக்கலாம்" என்று ஆங்கிலத்தில், தேதி, கையெழுத்து, முத்திரையோடு கடிதம் வாங்கட்டும். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஆறு முதல் எட்டாயிரம் அடி மலைமேல் இருப்பது போலத்தான் இருக்கும், காற்றும் வறண்டது. தண்ணீர் குடித்துக்கொண்டே வரட்டும்.

ஓசூர் டிராவல்ஸ்காரன்:

அட்மிட் ஆனவர் என்றால் விமான நிறுவனம் மெடிஃப் என்ற மருத்துவத் தகவல் படிவம் கேட்கலாம், அதை ஆஸ்பத்திரி டாக்டர்தான் நிரப்ப வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே கேட்டு வாங்குங்கள். வீல்சேர் 48 மணி நேரம் முன்னாடியே பதிவு செய்யுங்கள், இரண்டு ஏர்போர்ட்டிலும். டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில், லேப் ரிப்போர்ட் எல்லாம் கைப்பையில் வரட்டும், பெட்டியில் போட வேண்டாம்.

பெங்களூரில் எத்தனை மணிக்கு இறங்குகிறார்கள்? ஏர்போர்ட் இருக்கிற தேவனஹள்ளியிலிருந்து காவேரிப்பட்டினம் வர ஊரையே குறுக்கே கடக்க வேண்டும். காலை எட்டு மணிக்கு சில்க் போர்டு சந்திப்பு டிராஃபிக்கில் மாட்டினால் மாமாவுக்கு மறுபடி காய்ச்சல் வந்துவிடும்.

காவேரிப்பட்டினத்தான்:

நள்ளிரவு தாண்டி இறங்குகிறார்கள். நானே கார் எடுத்துப் போகிறேன், விடிவதற்குள் அத்திப்பள்ளியைத் தாண்டிவிடலாம்.

வார்டு சிஸ்டர்:

பின்சீட்டில் படுக்க வசதி செய்யுங்கள். திங்கட்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு ரத்தப் பரிசோதனை, அந்த ஊர் ரிப்போர்ட்டையும் கையில் கொண்டுபோங்கள். மண்டிப் பக்கம் இரண்டு வாரத்துக்கு விடாதீர்கள்.

காவேரிப்பட்டினத்தான்:

அதை அவரிடம் யார் சொல்வது? அக்காவிடம் விட்டுவிடுகிறேன்.